22ஆம் நாள் வாசலில் ஆளில்லை

தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசிக்கு முந்தைய வரி அது. "செகண்டரி புரோஃபிலாக்சிஸ்" என்று எழுதி, பக்கத்தில் "பென்சத்தீன் பென்சிலின், 21 நாளுக்கு ஒருமுறை" என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது 19 வயது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா காகிதத்தை என் கையில் கொடுத்து, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். அகராதியைப் புரட்டினேன். புரோஃபிலாக்சிஸ் என்றால் நோய்த்தடுப்பு. செகண்டரி என்றால் இரண்டாவது, துணையானது, முக்கியத்துவத்தில் அடுத்தது. "இது தடுப்பு ஊசிம்மா. இரண்டாம்பட்சம்தான். முக்கியமான வைத்தியம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

நான் தவறாகப் பெயர்த்த அந்த ஒரு வரியால் என் தம்பியின் இதய வால்வு கெட்டது. பல வருடம் கழித்தும் அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். மருத்துவக் காகிதங்களை வீட்டாருக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு அப்போது 11 வயது. சில நாள் தொண்டை வலித்தது, தானாக அடங்கியது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வற்றி இடது கணுக்கால் வீங்கியது. அடுத்தது முழங்கை. கூடவே காய்ச்சல். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வில் லேசான கசிவு. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள், தொண்டைத் தொற்றுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய். 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கும். மருத்துவ மாணவர்களிடையே இதைப் பற்றிப் பழைய வாசகம் ஒன்று உண்டு: மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும். நக்கியது எங்களுக்குத் தெரிந்தது. கடித்தது தெரியவில்லை.

வார்டில் கூட்டம். "21 நாளுக்கு ஒரு ஊசி, மறக்காம போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எத்தனை வருடம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்து ஊசி போட்டோம். இடுப்புக்குக் கீழே, தசைக்குள் ஆழமாகப் போடும் கெட்டியான மருந்து. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நொண்டுவான். ஆறாவது ஊசி அவன் தேர்வு வாரத்தில் வந்தது. வலியோ வீக்கமோ எதுவும் இல்லை, பையன் ஓடியாடிக்கொண்டிருக்கிறான். "தடுப்பு ஊசிதானே, அஞ்சு போட்டாச்சே" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

நான்கு மாதம் போனது. மறுபடியும் தொண்டை வலி, மறுபடியும் காய்ச்சல். இந்த முறை மூட்டு அவ்வளவாக வீங்கவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினான். எக்கோவில் கசிவு முன்பைவிட அதிகம் என்று வந்தது.

மறுபடி ஊசி தொடங்கிய நாளன்று ஊசி அறையில் இருந்த வயதான சிஸ்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, நடுவில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நான் படித்தது, சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. மருந்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "இது தடுப்பூசி இல்லம்மா. காவல். இன்னிக்குப் போட்டா மூணு வாரம் காவல் நிக்கும். 22ஆம் நாள் வாசல்ல ஆள் இருக்காது. அடுத்த ஆளை நிறுத்திட்டுத்தான் இந்த ஆளை அனுப்பணும்."

அன்றிரவு அகராதியை மறுபடி எடுத்தேன், இம்முறை பெரிய அகராதி. புரோஃபிலாக்சிஸ் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. "ஃபிலாக்ஸ்" என்றால் காவலாள். "ஃபிலாஸ்ஸெய்ன்" என்றால் காவல் காப்பது. "புரோ" என்றால் முன். "புரோஃபிலாஸ்ஸெய்ன்" என்றால் முன்னே நின்று காவல் காப்பது. ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தச் சொல்லை லத்தீன், பிரெஞ்சு வழியாக எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இதன் பெயரடை 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. நான் அகராதியில் தேடிப் பிடித்த "நோய்த்தடுப்பை"விட அந்த சிஸ்டர் வாயில் வந்த "காவல்" மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருந்தது. அவர் கிரேக்கம் படித்தவர் இல்லை. பல வருடம் ஊசி போட்டவர்.

தடுப்புக்கும் காவலுக்கும் உள்ள தூரத்தை அன்றுதான் யோசித்தேன். தடுப்பு என்றால் நம் மனதில் வருவது சுவர், கரை, வேலி. ஒருமுறை கட்டினால் நிற்கும். தடுப்பூசியும் ஏறக்குறைய அப்படித்தான். உடம்புக்குக் கிருமியை அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டால், அந்தப் பாடத்தை உடம்பே வருடக்கணக்கில் நினைவில் வைத்துக்கொள்ளும். அம்மா "அஞ்சு போட்டாச்சே" என்றது அந்தக் கணக்கில்தான், அவர் மேல் தப்பில்லை. காவல் அப்படி இல்லை. காவலாளுக்கு முறை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வாசல் காலி. பென்சத்தீன் பென்சிலின் உடம்புக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. எளிதில் கரையாத மருந்து அது. தசைக்குள் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மூன்று நான்கு வாரம் ரத்தத்தில் சிறிதளவு பென்சிலினை இருக்க வைக்கிறது. கரைந்து முடிந்ததும் காவலும் முடிந்தது. ருமாட்டிக் காய்ச்சலைக் கிளப்பும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் காவல். நல்ல வேளையாக, பென்சிலினை எதிர்த்து நிற்கும் திறனை அந்தக் கிருமி இதுவரை பெறவில்லை.

"செகண்டரி" என்ற சொல்லின் குழப்பமும் பிறகுதான் தெளிந்தது. அது முக்கியத்துவத்தின் வரிசை இல்லை. முதல் தாக்குதலே வராமல் காப்பது பிரைமரி. அதாவது, இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தொண்டை வலியை அது தொடங்கிய 9 நாளுக்குள் பென்சிலினால் முறையாகக் குணப்படுத்திவிட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராமல் காப்பது செகண்டரி. ஒருமுறை வந்தவருக்குத்தான் மறுபடி வரும் ஆபத்து அதிகம், அதிலும் முதல் சில வருடங்களில் மிக அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வில் வடு கூடும். ஆக எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்திலேயே மிக முக்கியமான வரியைத்தான் நான் இரண்டாம்பட்சம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த நாட்களில் என்னைத் தொந்தரவு செய்த இன்னொரு கேள்வி: நோய் வந்துவிட்ட பிறகு எதை "வருமுன்" காப்பது? அம்மாவும் இதையேதான் கேட்டார். "வந்து போயிடுச்சே, இனிமே என்ன தடுக்கறது?"

விடை "முன்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் முன் என்றால் காலத்தால் முந்தியது, இடத்தால் எதிரே இருப்பதும். "மழைக்கு முன்" என்கிறோம், "வாசல் முன்" என்கிறோம். கிரேக்க "புரோ"வுக்கும் இதே இரண்டு பொருள் உண்டு. நாங்கள் காலத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். காவல் காப்பவருக்கு எதற்கு எதிரே நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. முதல் எதிரி வந்து போயிருக்கலாம், அடுத்தவன் இன்னும் வரவில்லை. அவனுக்கு முன்னே போய் நின்றால் அதுவும் முன்காவல்தான்.

இதைத் தெளிவாகக் காட்டுவது வெறிநாய்க்கடி. கடித்த பிறகு போடும் ஊசித் தொடருக்கும் மருத்துவத்தில் புரோஃபிலாக்சிஸ் என்றே பெயர். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் பாரிசில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட வைத்தபோது, நாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடி நடந்துவிட்டது, நோய் நடக்கவில்லை. வைரஸ் காயத்திலிருந்து நரம்பின் வழியே மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முந்திக்கொண்டு வழியில் போய் நிற்கலாம். மூளையை எட்டி அறிகுறி தொடங்கிவிட்டால் எந்த மருந்தும் ஏறக்குறைய பலிக்காது. அதனால்தான் கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போகச் சொல்கிறார்கள். "கடிச்சாச்சு, இனி என்ன தடுப்பு" என்று யாராவது சொன்னால் என் அம்மாவின் கேள்வி எனக்கு நினைவுக்கு வரும். எச்ஐவி கிருமி பட்டிருக்கக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் மாத்திரையும் இதே கணக்குத்தான். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசியும் காவல்தான். அங்கே எதிரே நிற்க வேண்டியது கத்தி பட்டுத் தோல் திறக்கும் நேரத்துக்கு.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். எதிரே சுவரில் ஒரு அட்டவணை. தலைப்பு "அனஃபிலாக்சிஸ்", உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. மூச்சுத்திணறல், தடிப்பு, ரத்த அழுத்தம் சரிதல், அட்ரினலின் அளவு. பல முறை பார்த்த பலகைதான், காவலாளின் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அன்று என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை. அதே ஃபிலாக்சிஸ்! காப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே வேரா?

ஒரே வேர்தான். சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய்க் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பிறகு பாரிஸ் திரும்பி, கடல் அனிமோனின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குக் கொடுத்து அவற்றைப் பழக்கப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து அதே நஞ்சை மிகச் சிறிய அளவில் மறுபடி கொடுத்தபோது, தாங்கிக்கொள்ள வேண்டிய நாய் நிமிடங்களில் இறந்தது. காவலைக் கூட்டப் போன இடத்தில் காவல் தலைகீழாகிவிட்டது. 1902இல் அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள், காவலுக்கு எதிரானது என்ற பொருளில். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. என் தம்பிக்கு 21 நாளுக்கு ஒருமுறை இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரக் காத்திருப்பு எதற்கு என்று புரிந்த பிறகு, "சீக்கிரம் போகலாமா" என்று நான் கேட்டதே இல்லை.

இதை அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. பென்சிலின் அலர்ஜிக்குப் பயந்து ஊசியை நிறுத்திவிடும் குடும்பங்களை அந்த அறையிலேயே பார்த்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது. நிறுத்தியதால் வரும் மறுதாக்குதல் அவ்வளவு அரிதில்லை. முன்பு பென்சிலின் போட்டபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. வால்வு மிகவும் பாதிக்கப்பட்டு இதயம் தளர்ந்திருப்பவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை நல்லதா என்று இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் வருபவர்களில் பலருக்கு அது ஒவ்வாமை இல்லை, பயமும் வலியும்தான்.

வலியைக் குறைக்க வழி இல்லை என்றுதான் முதலில் நினைத்தோம். அந்த சிஸ்டர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போகும்வரை உருட்டுவார். ஊசி இறங்கும் இடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பிடிப்பார். பிறகு மிக மெதுவாக, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துச் செலுத்துவார். வேறு கை போட்டால் நொண்டுவான், இவர் போட்டால் நடந்து வருவான். சில இடங்களில் மருத்துவர் சொன்னால் மரத்துப்போகும் மருந்தும் சேர்த்துப் போடுகிறார்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு குழந்தை பத்து வருடத்துக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இது, வலிதான் பல பேரைப் பாதியில் துரத்துகிறது.

தம்பிக்கு 16 வயதில் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டி வந்தது. பல் மருத்துவர் "இதயத்துக்கு ஆன்டிபயாடிக் புரோஃபிலாக்சிஸ் தேவையா என்று கேட்டு வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அம்மா இப்போது எல்லாம் தெரிந்தவர். "அதான் 21 நாளுக்கு ஒருமுறை போடறோமே" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதய மருத்துவர் இல்லை என்றார். நாங்கள் போடும் ஊசி தொண்டைக்கு வரும் ஒரு கிருமிக்கு எதிரே நிற்பது. பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலப்பது வாயில் வாழும் வேறு கிருமிகள். அவை பழுதான வால்வில் போய் ஒட்டிக்கொள்வது வேறு நோய், அதற்கு வேறு மருந்து, அதுவும் சிகிச்சைக்குச் சற்று முன் ஒரே ஒரு தவணை. யார் யாருக்கு அது கட்டாயம் என்பதில் நாட்டுக்கு நாடு விதிகள் மாறுகின்றன. செயற்கை வால்வு வைத்தவர்களும், முன்பே வால்வில் தொற்று வந்தவர்களும் முதல் வரிசையில் வருவார்கள். தம்பி விஷயத்தில் என்ன செய்வது என்று அவரே முடிவெடுத்து எழுதித் தந்தார். வெளியே வரும்போது அம்மா சொன்னார்: "ஒரே பேரு, காவல் வேற வேற வாசல்ல."

அதற்குப் பிறகு எந்த மருத்துவக் காகிதத்தில் இந்தச் சொல் வந்தாலும் நான் அகராதிக்குப் போவதில்லை. எழுதியவரிடமே கேட்கிறேன்: எந்த நோய்க்கு எதிரே? எத்தனை நாளுக்கு அல்லது எத்தனை வருடத்துக்கு? ஒரு தவணை தவறினால் உடனே என்ன செய்ய வேண்டும்? அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்தபோது இதே சொல் வேறொரு ஊசிக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டதில் காலில் ரத்தம் உறையாமல் காக்க என்றும், வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் தொடர வேண்டும் என்றும் தெரிந்தது. கேட்டிருக்காவிட்டால், நடக்க ஆரம்பித்ததும் நிறுத்தியிருப்போம். காவல் மருந்தின் சிக்கலே இதுதான். போட்டால் எதுவும் நடக்காது, விட்டாலும் உடனே எதுவும் நடக்காது. வலி மாத்திரை வேலை செய்வது நமக்குத் தெரியும். காவலாள் வேலை செய்த இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போம்.

எவ்வளவு காலம் என்பதற்குத் தம்பியின் மருத்துவர் தந்த கணக்கு இது. இதயம் தொடப்படாதவருக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து 5 வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அது. இதயம் தொடப்பட்டு வடு இல்லாமல் ஆறியவருக்கு 10 வருடம் அல்லது 21 வயது வரை. வால்வில் சேதம் தங்கிவிட்டவருக்கு 10 வருடம் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். முதல் தாக்குதலுக்குப் பிறகு நாங்கள் விடாமல் போட்டிருந்தால் தம்பி எந்தப் பிரிவில் இருந்திருப்பான் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். அந்த லேசான கசிவு பலருக்குக் காலப்போக்கில் மறைந்துவிடுவதுண்டு என்று மருத்துவர் சொன்னார்.

நாள் கணக்கில் ஒரு விஷயம். "மாதம் ஒரு ஊசி" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், அதை உடனே திருத்துங்கள். 28 நாள் சொல்லியிருந்தால் அது மாதமில்லை, ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் தள்ளித் தள்ளிப் போய் வாசல் காலியாக நிற்கும். தேதியை விட்டுவிட்டுக் கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 21, 28 இரண்டுமே ஏழின் மடங்கு. வியாழன் போட்டால் அடுத்ததும் வியாழன்தான்.

அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பென்சிலால் நான் எழுதியிருந்த "இரண்டாம்பட்சத் தடுப்பு" என்பதை அழித்துவிட்டு, "மறுபடி வராமல் காவல், 21 நாள், 40 வயது வரை" என்று பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். தம்பிக்கு இப்போது 26. வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான். இன்னும் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஊசி போட்ட அன்று அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான், கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: "அக்கா, ஆள் மாத்தியாச்சு." அடுத்த முறை வரும் வியாழன்.